சிவப்பைச் சிவப்பாகவே அனுப்புங்கள்

வளர்ந்துவரும் மென்பொருள் நிறுவனங்களில், நேற்றுவரை எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து கோடு எழுதிவிட்டு, இன்று டீம் லீடாகவும் மேனேஜராகவும் ஆகியிருக்கிற நண்பர்களுக்கு,



இந்தக் கடிதத்தை எங்கள் நிறுவனருக்குத்தான் எழுதத் தொடங்கினேன். இரண்டு பத்தி ஓடியது. பிறகு நிறுத்திவிட்டேன். அவருக்குத் தெரிய வேண்டியவை அவரிடம் போய்ச் சேருவதில்லை என்பதுதான் என் குறையே. அப்படியானால் அவை எங்கே நிற்கின்றன? யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் உங்கள் மேசையில்தான் நின்றிருக்கின்றன. எனவே முகவரியை மாற்றிவிட்டேன்.

நான் 2014இலிருந்து சென்னையில் ஒரே நிறுவனத்தில் டெஸ்டிங் பார்க்கிறவள். சேர்ந்தபோது நாங்கள் 19 பேர். வேளச்சேரியில் ஒரு வீட்டின் முதல் மாடிதான் ஆபீஸ். கீழே மாவு மில். மில்லைப் போட்டால் மேலே டியூப்லைட் ஒருமுறை மங்கி எரியும், உடனே யாராவது ஒருவர் “சேவ் பண்ணிக்கோங்க!” என்று கத்துவார். இப்போது நாங்கள் 420 பேர். பழைய மகாபலிபுரம் சாலையில் மூன்று தளம். உள்ளே போக வேண்டுமானால் கருவிக்கு முகத்தைக் காட்ட வேண்டும். உங்களில் பெரும்பாலோர் வேறு நிறுவனங்களில் இருப்பீர்கள். ஆனால் தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், சிறுசேரி என்று எந்தப் பக்கத்துத் தோழியிடம் பேசினாலும் கதை ஒன்றாகவே இருக்கிறது. அதனால் ‘நீங்கள்’ என்று நான் எழுதும் இடமெல்லாம் உங்கள் அனைவரையும்தான் சொல்கிறேன்.

உங்களை எனக்கு அப்போதிருந்தே தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியது நினைவிருக்கும். போனில் சிக்னல் இல்லை, கரண்ட் இல்லை. எங்கள் 19 பேரில் ஒருவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் தீர்ந்து மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய் மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவுமில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் இன்று உங்களைப் போல ஒரு மேனேஜர். கெட்ட செய்தி காதில் விழுந்த மறுநிமிடம் அதை நோக்கி நடந்துபோன மனிதர் அவர். நான் கேட்கப்போவதும் அதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

அந்த நாட்களை நினைத்து ஏங்குவதற்காக இதை எழுதவில்லை. 19 பேர் கம்பெனியின் பழக்கங்களோடு 420 பேர் வேலை செய்ய முடியாது, எனக்குத் தெரியும். ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், 1975இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு எளிய கணக்கைப் போட்டுக் காட்டினார். ஆட்கள் கூடும்போது வேலை அந்த அளவுக்குத்தான் பகிரப்படுகிறது. பேச்சு வழிகளோ பல மடங்கு பெருகுகின்றன. 19 பேரில் இருவர் இருவராகச் சேர்த்தால் 171 ஜோடி. 420 பேரில் 87,990 ஜோடி. ஆட்கள் 22 மடங்கு, ஜோடிகள் 500 மடங்குக்கு மேல். இத்தனை பேர் இத்தனை பேரிடம் நேரில் பேசிக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் நடுவில் உங்களை உட்கார வைத்தார்கள். ஆக, நீங்கள் அங்கே இருப்பதே செய்தியைக் கொண்டுபோவதற்காக. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் நமக்கு ஒரு ஷீட் உண்டு. வலது ஓரத்தில் நிறம் தேர்ந்தெடுக்கும் ஒரு பத்தி: சிவப்பு, மஞ்சள், பச்சை. அந்த மாதம் சந்தாப் பணம் வசூலிக்கும் பகுதியை நான் சோதித்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணம் எடுக்கச் சொல்லிக் கேட்கிறோம். போய்ச் சேர்ந்ததா என்ற பதில் சில நொடிக்குள் வராவிட்டால் எங்கள் மென்பொருள் மறுபடி கேட்கும். மறுபடி கேட்கும்போது முதலில் கொடுத்த அடையாள எண்ணையே கொடுக்க வேண்டும். அப்போதுதான் எதிர்ப்பக்கம் ‘இது ஏற்கெனவே கேட்டதுதான்’ என்று புரிந்துகொண்டு சும்மா இருக்கும். எங்களுடையது ஒவ்வொரு முறையும் புது எண் போட்டுக் கேட்டது. 40 முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறை ஒரே ஆளிடம் இரண்டு தடவை பணம் எடுத்தது.

புதன்கிழமை மாலை சிவப்புப் போட்டேன். வியாழன் காலை டீம் லீட் அதை மஞ்சளாக்கினார். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘அரிதான சூழலில் மட்டும்’. வியாழன் மாலை மேனேஜரின் ஸ்லைடில் அது பச்சை. ஓரத்தில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி. வெள்ளிக்கிழமை டவுன்ஹாலில் நிறுவனர் திரையைக் காட்டினார். பச்சை. நட்சத்திரத்தைக் காணோம். கை தட்டினோம், நானும்தான்.

வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. இந்தத் தொழிலில் இதற்குத் தர்பூசணி ரிப்போர்ட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஷீட்டின் பழைய மாற்றங்களைத் திறந்தால் யார், எப்போது நிறத்தை மாற்றினார்கள் என்பது நிமிடக் கணக்கோடு இருக்கிறது. நான் பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன். அதில் என்னைத் தொந்தரவு செய்வது ஒன்றுதான்: யாரும் பொய் சொல்லவில்லை. பிழை அரிது என்று லீட் சொன்னது அன்றைய நிலையில் சரி. லீட் மஞ்சள் போட்டிருந்தால் சமாளித்துவிடலாம் என்று மேனேஜர் நினைத்ததும் இயல்புதான். நிறுவனர் தனக்கு வந்த ஸ்லைடைக் காட்டினார். ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத்தான் குறைத்தார்கள். மூன்று சொல் குறைந்ததும் சிவப்பு பச்சையாகிவிட்டது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ரிலீஸ் போகலாமா வேண்டாமா என்ற கடைசி மீட்டிங்கில் “க்யூஏ சைடு ஓகேவா?” என்று கேட்டார்கள். 14 பேர் என்னைப் பார்த்தார்கள். “ஓகே, நோட் பண்ணியிருக்கு” என்றேன். ‘நோட் பண்ணியிருக்கு’ என்பது தைரியம் இல்லாதவர்கள் பேசும் மொழி. பின்னால் பிரச்சினை வந்தால் நான் சொன்னேனே என்று காட்டிக்கொள்ளலாம். இப்போது யாரையும் நிறுத்தவும் வேண்டாம். உங்களைக் கேட்கும் தகுதி எனக்கு முழுதாக இல்லை என்று நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். பாதியாவது இருக்கிறது.

மாதத்தின் முதல் தேதி வந்தது. எல்லோருடைய சந்தாவும் ஒரே இரவில் வசூலாகும் நாள். பணம் வாங்கும் பக்கத்தில் நெரிசல், பதில்கள் தாமதமாயின, எங்கள் மென்பொருள் மறுபடி மறுபடி கேட்டது. சாதாரண நாளில் அரிது, முதல் தேதியில் வரிசைகட்டி வந்து நின்றது. இரவு ஒரு மணிக்கு வேலை பாதியில் நின்றுபோனது. ஆன்காலில் இருந்தவன் எங்கள் டீமில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இப்படி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வழிகாட்டிப் பக்கம் இருக்கிறது. அதன் நான்காவது வரி: ‘மறுபடி தொடங்கவும்’. தொடங்கினான். முதலில் பணம் போனவர்களிடமும் மறுபடி எடுத்தது.

சனிக்கிழமை முழுக்க பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். திங்கட்கிழமை ஒரு மெயில் வந்தது. காரணம் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: சரிபார்க்காமல் வேலையை மறுபடி தொடங்கியதால் ஏற்பட்ட மனிதத் தவறு. பெயர் எழுதவில்லை, உண்மைதான். ஆனால் அன்று ஆன்காலில் யார் என்பது 420 பேருக்கும் காலண்டரில் தெரியும்.

மதியம் பான்ட்ரியில் தம்பியைப் பார்த்தேன். காபி மெஷினில் கப்பை வைத்துவிட்டு பட்டனை அழுத்தாமல் நின்றுகொண்டிருந்தான். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். “அக்கா, அந்தப் பக்கத்துல இருந்ததத்தான் செஞ்சேன்” என்றான். எனக்குத் தெரியும் என்றேன். நான் போட்ட சிவப்பைப் பற்றி அவனிடம் அப்போது சொல்லவில்லை. அடுத்த மாதம் பேப்பர் போட்டான். 90 நாள் நோட்டீஸ். அந்த மூன்று மாதமும் தினமும் ஸ்டாண்டப்பில் நின்று ‘பிளாக்கர் ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் ஏன் மஞ்சளாக்கினீர்கள் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. நன்றாகக் கோடு எழுதினீர்கள் என்பதற்காக உங்களை மேனேஜர் ஆக்கினார்கள். மனிதர்களை எப்படி நடத்துவது என்று ஒரு நாள்கூடச் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், உங்களுக்கும் அப்ரைசல் இருக்கிறது. ‘பிரச்சினையோட வராதே, தீர்வோட வா’ என்ற அறிவுரையை உங்களுக்கும் யாரோ கொடுத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும் அந்த ஒரு வாக்கியம் எத்தனை நிறுவனங்களில் எத்தனை வாயை அடைத்திருக்கிறது! தீர்வு தெரியாத பிரச்சினைதான் மேலே போக வேண்டிய பிரச்சினை. தீர்வு தெரிந்திருந்தால் நாங்களே முடித்திருப்போமே.

இன்னொன்றையும் நீங்கள் சொல்வீர்கள்: எல்லாச் சிவப்பையும் மேலே அனுப்பினால் எனக்கு டீமை நடத்தத் தெரியவில்லை என்பார்கள். என்பார்கள்தான். ஆனால் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பாருங்கள். மஞ்சளாக்கியதால் உங்களுக்குக் கிடைத்தது சங்கடமில்லாத ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கான விலையை சனிக்கிழமை வாடிக்கையாளரும், திங்கட்கிழமை தம்பியும் கொடுத்தார்கள். சங்கடம் எங்கேயும் போய்விடவில்லை. உங்களைவிடச் சம்பளம் குறைந்தவரிடம், உங்களைவிடப் பேச்சுக் குறைந்தவரிடம் கைமாறியது. வளரும் நிறுவனத்தில் ‘கல்ச்சர்’ என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களே, அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது அந்த வாரத்தில்தான். ஒரு தவறு நடந்தால் அதன் பாரம் மேலிருந்து கீழாக இறங்குகிறதா, கீழிருந்து மேலாக ஏறுகிறதா என்பதுதான் ஒரு இடத்தின் கல்ச்சர்.

பிழை எங்கே இருந்தது என்பதையும் கவனியுங்கள். பணம் கேட்கும் பகுதி ஒரு டீமுடையது. மறுபடி கேட்கும் பகுதி இன்னொரு டீமுடையது. எண்ணை யார் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு டீமும் உட்கார்ந்து பேசவே இல்லை. ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு அந்த நிறுவனத்துக்குள் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதையே நகலெடுக்கும் என்று மெல்வின் கான்வே 1968இலேயே எழுதினார். அதைக் கான்வேயின் விதி என்று இன்றும் சொல்கிறோம். இரண்டு மேனேஜர்களுக்கு இடையே பேச்சு நின்றுபோன இடத்தில் எங்கள் மென்பொருளிலும் ஒரு விரிசல் இருந்தது. அந்த விரிசலில் விழுந்தவனை ‘மனிதத் தவறு’ என்று எழுதினோம்.

இப்படி எழுதுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை இருக்கிறது. அங்கே அஞ்சல் நிலையங்களில் 1999இலிருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் ஓடியது, நடத்தியது ஃபுஜிட்ஸு. கல்லாவில் பணம் குறைவதாக அது காட்டியது. அதை நம்பி, சிறு அஞ்சல் நிலையங்களை நடத்திவந்த 900க்கும் மேற்பட்டவர்களைத் திருட்டு, கணக்கு மோசடி என்று நீதிமன்றத்தில் தண்டித்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். சொத்தை இழந்தவர்கள் உண்டு. உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தண்டனைத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பிழைகள் இருப்பது உள்ளே வேலை செய்தவர்களில் சிலருக்கு முன்பே தெரியும். தெரிந்தது, தெரிய வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. எங்கள் சந்தாப் பணத்தையும் அதையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அங்கும் தொடக்கம் ஒரு நடுமேசைதான் என்று மட்டும் சொல்கிறேன்.

வேறு மாதிரியும் நடந்துகொள்ளலாம். 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து, உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. காப்பு எடுத்து வைக்க ஐந்து வழிகள் இருந்தன, ஐந்தும் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு பிரதியால் தப்பித்தார்கள். அந்த நிறுவனம் என்ன செய்தது? நடந்ததை நிமிடம் நிமிடமாக எல்லோரும் படிக்கும்படி எழுதியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. தவறை அழித்தவர் தலையில் கட்டாமல், ஐந்து காப்பும் ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆளை அனுப்பியிருந்தால் அந்த ஐந்தும் அப்படியேதான் இருந்திருக்கும். அடுத்தவர் வேறு ஒரு இரவில் அழித்திருப்பார். நம் வழிகாட்டிப் பக்கத்தின் நான்காவது வரி, தம்பி பேப்பர் போட்டு இரண்டு வாரம் கழித்தும் மாறாமல் இருந்தது. கடைசியில் அவனேதான் திருத்தினான், நோட்டீஸ் காலத்தில்.

மேலே போகும் செய்தி மட்டும் உங்களிடம் நிற்பதில்லை. கீழே வர வேண்டியதும் நிற்கிறது. அப்ரைசல் முடிந்து எங்களைத் தனியாக அறைக்குள் கூப்பிடுவீர்கள். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நான் உனக்காக ஃபைட் பண்ணினேன், மேலே ஒத்துக்கல” என்பீர்கள். இந்த வாக்கியத்தை நான் இதுவரை ஆறு பேரிடம் கேட்டிருக்கிறேன். ஆறு பேரும் நல்லவர்கள். ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மேலே என்றால் யார்? என்ன சொல்லி மறுத்தார்கள்? அடுத்த வருடம் நான் எதை மாற்ற வேண்டும்? எனக்குக் கிடைப்பது உங்கள் அனுதாபம், தேவைப்பட்டது காரணம்.

தம்பிக்கு அந்த வருடம் கடைசி வரிசை மதிப்பெண். காரணம் கேட்டபோது ‘கர்வ்’ என்று பதில் வந்தது. டீமில் பத்துப் பேர் இருந்தால் ஒருவர் கீழே விழுந்தாக வேண்டும், அதுதான் கர்வ். மைக்ரோசாஃப்ட்டே 2013இல் இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. நாங்கள் 19 பேராக இருந்தபோது இது எங்களிடம் இல்லை. பெரிய கம்பெனியாகிவிட்டோம் என்று காட்டிக்கொள்ள, பெரிய கம்பெனிகள் தூக்கிப் போட்டதை எடுத்து மாட்டிக்கொண்டோம். விழுந்தாக வேண்டிய ஒருவர் யார் என்று முடிவு செய்யும்போது அந்த திங்கட்கிழமை மெயில் ஞாபகத்துக்கு வந்திருக்காது என்று உங்களால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. எங்கள் தளத்தில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு சட்டமிட்டு மாட்டியிருக்கிறது: பணியிடத்தில் பாலியல் தொல்லை குறித்த உள்ளகக் குழுவின் உறுப்பினர் பெயர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு இருந்தாக வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். என் தோழி ஒருத்தி, குழுவிடம் போகாமல் முதலில் தன் மேனேஜரிடம் போனாள். நம்பிக்கையால்தான் போனாள். அவர் கெட்டவர் இல்லை. “ரிலீஸ் முடியட்டும், நான் பேசுறேன், இப்பவே பெரிசாக்க வேண்டாம்” என்றார். ரிலீஸ் முடிந்தது, அடுத்த ரிலீஸ் வந்தது. புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம், அவ்வளவுதான். உங்கள் ‘கொஞ்சம் பொறு’ ஒரு பெண்ணின் சட்டப்படியான நாட்களைத் தின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியுமா? அந்த நிமிடத்தில் நீங்கள் செய்ய வேண்டியிருந்தது சமாதானம் சொல்வதல்ல. அவளோடு எழுந்து அந்த அறிவிப்பில் இருக்கும் முதல் பெயரைத் தேடிப் போயிருக்க வேண்டும்.

பார்த்தீர்களா, மூன்றும் ஒன்றுதான். ஷீட்டின் நிறம், அப்ரைசலின் காரணம், தோழியின் புகார். மூன்றிலும் நீங்கள் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. மூன்றிலும் உங்கள் கைக்கு வந்த செய்தி முழுதாக வந்தது, தேய்ந்து போனது.

“கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது, யாரும் எப்போதும் வரலாம்” என்று நிறுவனர்கள் சொல்கிறார்கள். நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஜூனியர் ஒருவர் உங்களைத் தாண்டி அந்தக் கதவுக்குப் போனால் மறுநாள் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? “என்கிட்ட சொல்லியிருக்கலாமே?” அந்தக் கேள்வியில் கோபம் இருக்காது, ஒரு சின்ன வருத்தம்தான் இருக்கும். அது போதும், பிறகு யாரும் அந்தக் கதவுப் பக்கம் போக மாட்டார்கள். திறந்த கதவை மூட அதைச் சாத்தவே வேண்டியதில்லை.

ஆகவே என் கோரிக்கைகள். நான்குதான், எதற்கும் பட்ஜெட் வேண்டாம், மேலிடத்து அனுமதியும் வேண்டாம்.

டீம் போட்ட நிறத்தை நீங்கள் மாற்றாதீர்கள். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயரில் உங்கள் நிறத்தைப் போடுங்கள். இரண்டும் மேலே போகட்டும். ‘டெஸ்டர் சிவப்பு என்கிறார், நான் மஞ்சள் என்கிறேன், காரணம் இது’ என்று ஒரு வரி. மேலே இருப்பவர்கள் முட்டாள்கள் இல்லை, இரண்டு நிறத்தைப் பார்த்தால் கேட்பார்கள். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும்.

ஏதாவது விழுந்து உடைந்தபின் எழுதும் அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று முடிக்காதீர்கள். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அந்த மனிதனின் கையில் என்ன வழிகாட்டி இருந்தது, யார் எழுதியது, யாருக்கு முன்பே தெரியும் என்று போய்க்கொண்டே இருங்கள். போகும் வழியில் உங்கள் பெயர் வந்தால் அதை நீங்களே எழுதுங்கள். ‘புதன்கிழமை எனக்குத் தெரியும், நான்தான் மஞ்சளாக்கினேன்’ என்று ஒரு மேனேஜர் 420 பேருக்கு ஒரு மெயில் அனுப்பினால், பத்து வருட டவுன்ஹால் செய்யாததை அது செய்யும். தம்பியும் இருந்திருப்பான்.

அப்ரைசல் காரணத்தை எழுதிக் கொடுங்கள். அரைப் பக்கம் போதும். உங்களால் எழுத முடியாத காரணம் காரணமே இல்லை. அதை மேலே சொல்லுங்கள், எங்களிடம் சண்டை போட்ட கதையைச் சொல்ல வேண்டாம்.

தோழி ஒருத்தி கதவைத் தட்டி, குரல் நடுங்க ஏதாவது சொல்லத் தொடங்கினால், ரிலீஸ் தேதியை நினைக்காதீர்கள். லிஃப்ட் பக்கத்து அறிவிப்பை நினையுங்கள்.

இதெல்லாம் செய்தால் உங்கள் மேலதிகாரிக்குப் பிடிக்காமல் போகலாம். ஒரு அப்ரைசல் குறையலாம். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. வீட்டுக் கடன் எனக்கும் இருக்கிறது. ஆனால் நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள். நீங்கள் சிவப்பைக் காப்பாற்றினால், அடுத்த மீட்டிங்கில் 14 பேர் திரும்பிப் பார்க்கும்போது நான் ‘நோட் பண்ணியிருக்கு’ என்று சொல்ல மாட்டேன். இதை எழுத்திலேயே கொடுக்கிறேன்.

முடிக்கும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் எனக்கும் லீட் பொறுப்பு கொடுத்துவிட்டார்கள். நான்கு பேர் என்னிடம். இந்தக் கடிதத்தின் முகவரியில் இப்போது நானும் இருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஷீட்டைத் திறந்தேன். டீமில் சேர்ந்து ஏழு மாதம் ஆன பெண் ஒரு சிவப்பு போட்டிருந்தாள். பார்த்தேன், பெரிய பிழை இல்லை என்று பட்டது. அரிதாகத்தான் வரும் என்றுகூடத் தோன்றியது. என் கை மவுஸை நகர்த்தி நிறப் பத்தியின் அம்புக்குறியில் கொண்டுபோய் வைத்திருந்தது. மூன்று நிறமும் கீழே விரிந்து நின்றன. நான் முடிவெடுக்கவே இல்லை, கையே போயிருந்தது. இத்தனை எளிதா இது என்று அப்போதுதான் தெரிந்தது. உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போய்விட்டது. பாக்கிப் பாதியைக் கொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன்.

நிறத்தை மாற்றவில்லை. மீட்டிங்கில் 11 நிமிடம் எல்லோர் கேள்வியும் என்மேல். ‘ஓனர்ஷிப் எடுக்கணும்’ என்று ஒருவர் சொன்னார். ரிலீஸ் இரண்டு நாள் தள்ளிப்போனது. வேறு ஒன்றும் நடக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, நீங்க அத மாத்தலையா?”

ஏழே மாதத்தில் அவளுக்கு அது பழகியிருக்கிறது. சிவப்பு போடுவது தன் வேலை, அதை மாற்றுவது மேலே இருப்பவரின் வேலை என்று யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம். அடுத்து சேரப்போகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றாதபடி நடந்துகொள்வோம். வரும் திங்கட்கிழமை ஷீட்டைத் திறக்கும்போது இந்தக் கடிதத்தில் வேறு எது நினைவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. கையை அம்புக்குறியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு டெஸ்டிங் பார்த்தவள், இப்போது உங்களில் ஒருத்தி